புகைக்கூட்டுக்காரர் வரும் நாள்

போன கிழமை மருமகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கொம்மூனவிலிருந்து, அதாவது அவர்கள் ஊர் நகரசபையிலிருந்து வந்த கடிதம். அவளும் கணவனும் இந்த வருடம்தான் நோர்வேயின் மேற்குக் கரையில், ஓலசுண்டுக்குப் பக்கத்துத் தீவொன்றில், பழைய மரவீடு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். படத்துக்குக் கீழே, "மாமா, புகைக்கூடு துப்பரவாக்க ஆக்கள் வருகினமாம். நாங்கள் இன்னும் விறகடுப்பைப் பத்தவைக்கவே இல்லை. வேண்டாம் எண்டு சொல்லலாமோ?" என்று கேட்டிருந்தாள்.

வேண்டாம் என்று சொல்லிவிடாதே பிள்ளை, அவர்கள் வந்து பார்க்கும்வரை அடுப்பையும் மூட்டாதே என்று உடனே பதில் போட்டேன். ஏன் என்று கேட்டாள். தொலைபேசியில் அரை மணித்தியாலம் சொல்லியும் எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவளைப் போலவே எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது கரையோர ஊர்களில் பழைய வீடுகளை வாங்குகிறார்கள். அந்த வீடுகளின் நடுவே ஒரு புகைக்கூடு நிற்கிறது. அதோடு எப்படி வாழ்வது என்று சொல்லித்தர அவர்கள் வீட்டில் பெரியவர்கள் இல்லை. எங்களுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை, பட்டுத்தான் படித்தோம்.

நான் இருப்பது நோர்வேயின் வட நுனியில், ஹொன்னிங்ஸ்வோக்கில். சுற்றுலாப் பயணிகள் தேடி வருகிற வடமுனைப் பாறை இருக்கும் அதே மாகெரோயா தீவு. 1980களின் பிற்பகுதியில் ஃபின்மார்க் என்ற இந்த வடகோடி மாநிலத்தின் கரையோர மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழர்களில் நானும் ஒருவன். கொட் மீனை வெட்டி, முள் எடுத்து, பெட்டியில் அடுக்கும் வேலை. பன்னிரண்டு வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு 2001இல் சொந்தமாக ஒரு வீடு வாங்கினோம்.

இந்த ஊர் வீடுகளுக்கு ஒரு கதை இருக்கிறது. 1944இன் கடைசியில் பின்வாங்கிப் போன ஜேர்மன் படை ஃபின்மார்க்கை எரித்துக்கொண்டே போனது. ஹொன்னிங்ஸ்வோக்கில் மிஞ்சியது 1885இல் கட்டிய வெள்ளைத் தேவாலயம் மட்டும். திரும்பி வந்த சனங்கள் முதலில் அதற்குள்ளேதான் படுத்து எழும்பினார்கள். எரிந்துபோன ஃபின்மார்க் ஊர்களின் அந்தக்காலப் படங்களைப் பார்த்தால், பனி மூடிய வெறும் நிலத்தில் புகைக்கூடுகள் மட்டும் வரிசையாக நிற்கும். மரம் போய்விட்டது, செங்கல் நின்றது. பிறகு அரசாங்கத்தின் உதவியோடு கட்டிய மீள்கட்டுமான வீடுகள்தான் இன்றைக்கும் ஊர் முழுக்க இருக்கின்றன. சின்ன வீடு, இரண்டு தட்டு, செங்குத்தான கூரை, நட்டநடுவே நிலவறையிலிருந்து முகடுவரை ஒரு செங்கல் புகைக்கூடு. நாங்கள் வாங்கியதும் அப்படி ஒன்று. எரிந்த வீடுகளை ஊரில் பார்த்துவிட்டு வந்தவன் நான். இந்த வீட்டின் கதையைக் கேட்ட அன்றைக்கே அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

வட நுனி என்றதும் நடுங்கும் குளிர் என்று எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. உள்நாட்டில் இருக்கும் கராஷோக்கில் 1886 ஜனவரி முதலாம் திகதி -51.4 பாகை பதிவானது. நோர்வேயின் ஆகக் குறைந்த வெப்பநிலை அதுதான். எங்கள் கரையில் வெந்நீரோட்டத்தின் புண்ணியத்தால் கடல் உறைவதில்லை. மாரியில் பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே ஐந்து, பத்து பாகையோடு நின்றுவிடும். ஆனால் புகைக்கூட்டுக்கு கராஷோக்கை விட எங்கள் ஊர்தான் கொடுமையான இடம். அங்கே குளிர் வந்தால் வந்தது, காய்ந்த குளிராக மாதக்கணக்கில் நிற்கும். இங்கே இன்று மழை, நாளை உறைபனி, மறுநாள் திரும்ப மழை. செங்கல் தண்ணீரைக் குடிக்கும், உள்ளே அது உறைந்து விரியும், கல்லின் முகம் தகடு தகடாக உரிந்து விழும். இடைச்சாந்து மணலாக உதிரும். அதோடு உப்பு. வடமேற்குக் காற்று ஒரு இரவு அடித்தால் காலையில் யன்னல் கண்ணாடியை விரலால் தடவி நக்கிப் பார்க்கலாம், கரிக்கும். கண்ணாடியில் படிகிற உப்பு கூரை உச்சியில் இருக்கும் இரும்பில் படியாதா?

எங்கள் தீவில் விறகுக்கு ஆகிற மரம் கிடையாது. புல்லும் பாசியும் பாறையும்தான். பேர்ச் விறகு அல்தாப் பக்கத்திலிருந்தோ பொர்சாங்கர் பக்கத்திலிருந்தோ வரவேண்டும். 1999இல் கடலுக்கடியில் சுரங்கப்பாதை திறந்த பிறகு லொறி நேரே வருகிறது, அதற்கு முன் படகில் ஏற்றித்தான் வந்தது. அல்தா 200 கிலோமீற்றருக்கு மேல், ஆகவே விறகு மலிவில்லை. ஆனால் கடற்கரையில் சும்மா மரம் கிடந்தது. சைபீரியாவின் ஆறுகளில் விழுந்த மரங்கள் கடலில் மிதந்து இந்தக் கரைகளில் ஒதுங்கும். வெள்ளை வெளேரென்று எலும்பு மாதிரிக் கிடக்கும். கடலோரத்தில் பிறந்தவனுக்கு ஒதுங்கிய மரத்தை விட்டுவிட்டு வர மனம் வருமா? முதல் இரண்டு மாரியும் நான் பாதி விறகை அப்படித்தான் சேர்த்தேன். மீதிப் பாதி, இலையுதிர் காலத்தில் மலிவாகக் கிடைத்த, அந்த வருடமே வெட்டிய பேர்ச்.

வீட்டோடு வந்த அடுப்பு ஒரு பழைய யோத்துல் 118. நீளமான, கறுத்த வார்ப்பிரும்பு அடுப்பு, அறுபது சென்ரிமீற்றர் கட்டையை அப்படியே உள்ளே தள்ளலாம். அதன் உடம்பில் பழைய நாட்டுப்புற நோர்வேஜிய மொழியில் ஒரு வாசகம் வார்த்திருக்கும். நாள் முடிந்து இரவு பிந்தி என் நெருப்பைப் புதைத்து வைக்கிறேன், என் நெருப்பு ஒருநாளும் அணையாதிருக்க இறைவன் அருளட்டும் என்பது பொருள். எதிர்வீட்டுப் பெரியவர் அதை எனக்கு வாசித்து விளங்கப்படுத்திய அன்று எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. அம்மாவும் இரவில் குசினி அடுப்பில் தணலைச் சாம்பலால் மூடிவிட்டுத்தான் படுப்பா. விடிய அதைக் கிளறி ஒரு காய்ந்த பன்னாடையை வைத்து ஊதினால் பற்றிக்கொள்ளும், நெருப்புப்பெட்டி தேவையில்லை.

நானும் அப்படித்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். படுக்கப் போகுமுன் அடுப்பு நிறையக் கட்டைகளை அடுக்கி, காற்று போகும் வழியை முழுக்க இறுக்கி மூடிவிடுவேன். கட்டைகள் எரியாமல் கனன்று கனன்று விடியும்வரை கிடக்கும். காலையில் வீடு இளஞ்சூடாக இருக்கும். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நிறைவோடு இரண்டு மாரி இப்படிப் போனது.

2003 ஜனவரி. இங்கே நவம்பர் 20 அளவில் சூரியன் போனால் ஜனவரி 22 அளவில்தான் திரும்பி முகம் காட்டும். அந்த இருட்டுக்குள் மூன்று நாள் புயல். வீதி மூடிவிட்டார்கள், இரண்டாம் நாள் மின்சாரமும் போய்விட்டது. வீட்டில் சூடு தருவது அடுப்பு ஒன்றுதான். இரவெல்லாம் மூடிய அடுப்பு. மூன்றாம் நாள் விடிய ஐந்து மணியிருக்கும், பிள்ளைகளின் அறை குளிர்கிறதே என்று எழும்பிப்போய்க் காற்றுவழியை முழுக்கத் திறந்து, காய்ந்த மீன்பெட்டிப் பலகைகளை உடைத்துப் போட்டு, நெருப்பைக் கொழுந்துவிட வைத்தேன்.

பத்து நிமிடம் இருக்கும். முதலில் சுவருக்குள் சின்னதாக ஒரு உறுமல். காற்று என்று நினைத்தேன். உறுமல் ஏறிக்கொண்டே போய், வீட்டின் நடுவே விமானம் ஒன்று ஓடுவது போல ஆகிவிட்டது. அடுப்புக் குழாய் அதிர்ந்தது. மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே போய்க் குந்திவிட்டாள். விமானச் சத்தத்துக்கு அவள் உடம்புக்குத் தெரிந்த பதில் அது. நான் செய்வதறியாமல் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியவர் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "தண்ணீரைக் கீழே வை. காற்றுவழியை மூடு. பிள்ளைகளை வெளியே கொண்டுபோ. புகைக்கூடு எரிகிறது." வெளியே வந்து பார்த்தால் கூரைக்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்கு நெருப்பு, வாணத்திலிருந்து கொட்டுவது போல் பொறி. காற்றில் அது கீழ்வீடுகளின் பக்கம் பறந்துகொண்டிருந்தது. பெரியவர் அதற்குள் 110ஐ அழைத்துவிட்டிருந்தார்.

தண்ணீர் ஏன் கூடாது என்பதைத் தீயணைப்புக்காரர் பிறகு சொன்னார். உள்ளே ஆயிரம் பாகைக்கு மேல் ஏறியிருக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,700 லீற்றர் இடம் கேட்கும். குறுகிய செங்கல் குழாய்க்குள் அது எங்கே போகும்? கல் வெடிக்கும், நெருப்பு வீட்டுக்குள் வரும். அவர்கள் நெருப்பை அடித்து அணைக்கவில்லை. காற்றை அடைத்து, அது தானே எரிந்து தணிய விட்டுக் காவல் நின்றார்கள். ஒருவர் நிலவறையில், ஒருவர் மேல்மாடியில், ஒருவர் முகட்டறையில். கையுறையைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். முகட்டறையில் ஓரிடத்தில் செங்கல் விரல் போகிற அளவுக்கு வெடித்திருந்தது. அதற்குப் பக்கத்துப் பலகை கரியாகியிருந்தது. இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் கூரை பிடித்திருக்கும் என்றார்கள். அந்தக் காற்றில் கூரை பிடித்தால் எங்கள் கூரையோடு நின்றிருக்காது. மருமகளின் தீவுக்குப் பக்கத்து ஓலசுண்ட் நகரம் 1904 ஜனவரி 23 அன்று இப்படியொரு புயற்காற்றில்தான் எரிந்தது. ஏறக்குறைய 850 வீடுகள் போய்ப் பத்தாயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள். இன்றைக்கு அந்த நகரத்தில் எல்லோரும் பார்த்து வியக்கிற கல் கட்டடங்கள் அதற்குப் பிறகு கட்டியவை.

புயல் தணிந்த மறுநாள் புகைக்கூட்டுக்காரர் வந்தார். இங்கே அவரை ஃபையர் என்பார்கள். ஆங்கில நெருப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கூட்டுகிறவர் என்று பொருள். தனியார் ஆள் இல்லை, கொம்மூனவின் தீயணைப்புப் பகுதியைச் சேர்ந்தவர். வருடாவருடம் வீட்டு வரியோடு நாம் கட்டுகிற கட்டணத்தில்தான் அவர் வருகிறார். உயரமான, நரைத்த மனிதர். நிலவறைக்குப் போய்ப் புகைக்கூட்டின் அடியில் இருக்கும் சின்ன இரும்புக் கதவைத் திறந்தார். அதிலிருந்து கறுப்பாக ஏதோ சொரிந்தது. ஒரு கைப்பிடி அள்ளி, பழைய பத்திரிகைத் தாளில் கொட்டி, என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

அந்தத் தாளில் மூன்று விதமான கரி இருந்தது. ஒன்று மாவு போல, விரலில் ஒட்டி ஊதினால் பறந்துவிடும். இரண்டாவது சின்னச் சின்னச் செதில், நகத்தால் அழுத்தினால் நொறுங்கும். மூன்றாவதுதான் அவர் எனக்குக் காட்ட நினைத்தது. கறுப்புக் கண்ணாடிச் சில்லு போல ஒரு பக்கம் பளபளவென்று, கனமாக, முகர்ந்தால் தார் மணம். அதிலேயே எரிந்துபோன துண்டுகள் பொரித்த அப்பளம் போல் உப்பி, ஓட்டை ஓட்டையாக, எடையே இல்லாமல் கிடந்தன. "முதல் இரண்டையும் என் தூரிகை எடுத்துவிடும். இதை எடுக்காது. இது கரி இல்லை, நீங்கள் எரிக்காமல் விட்ட விறகு" என்றார்.

அடுப்பில் வார்த்திருந்த அந்த வாசகத்தைக் காட்டினேன். இதில் சொன்னபடிதானே செய்தேன் என்றேன். அவர் கொஞ்சநேரம் அந்த வார்ப்பிரும்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தணலைப் புதைப்பதைச் சொல்கிறது. நீங்கள் விறகைப் புதைத்தீர்கள்."

என் வாழ்நாளில் வீட்டைப் பற்றிக் கேட்ட மிகப் பெரிய பாடம் அது. அம்மா சாம்பலுக்குள் மூடியது, எரிந்து முடிந்து கரித்துண்டாகிவிட்ட தணல். அதில் புகையும் இல்லை, தாரும் இல்லை. நான் மூடியது பச்சை விறகு. விறகு சூடானதும் அதிலிருந்து வாயு கிளம்பும், சுடர் என்பது அந்த வாயு எரிவதுதான். காற்றை அடைத்தால் வாயு கிளம்பும், ஆனால் எரியாது. எரியாத வாயு மேலே போகிறது. நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தாலே அரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகும், பச்சை விறகென்றால் அதற்கு மேலும். புகை சூடாக இருந்தால் எல்லாம் உச்சியைத் தாண்டி வெளியே போய்விடும். மூச்சுத்திணறுகிற நெருப்பின் புகை குளிர்ந்தது. கூரைக்கு மேலே கடற்காற்று அடித்துச் செங்கல்லை இன்னும் குளிர்விக்கிறது. அங்கே வந்ததும் ஆவி தண்ணீராகிறது, வாயு தாராகிறது, இரண்டும் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு இரவும் ஒரு பூச்சு. இரண்டு மாரிக்குப் பிறகு ஒருநாள் விடிய ஐந்து மணிக்கு யாராவது அடியில் பெருநெருப்பு மூட்டினால் போதும்.

அவர் அன்றைக்கே எழுதித் தந்த தாள், திருத்தி முடித்துத் திரும்பப் பார்க்கும்வரை அடுப்பு மூட்டக்கூடாது என்றது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் அதற்கு முன் அவர்கள் கடிதம் அனுப்பிய இரண்டு முறையும் நான் வேலை என்று சொல்லித் தட்டிக்கழித்திருந்தேன். அரசாங்கக் கடிதம் வந்தால் பயம், சீருடை போட்டவர் வீட்டுக்குள் வந்து குற்றம் கண்டுபிடிப்பார் என்ற பயம். ஊரில் இருந்து நாங்கள் கொண்டுவந்த பயம் அது. அந்தப் பயத்தால்தான் என் பிள்ளைகள் பனிக்குள் இரவு உடுப்போடு நின்றார்கள். இதை நான் மருமகளுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

கோடையில் புகைக்கூட்டுக்குள் துருப்பிடிக்காத உருக்குக் குழாய் ஒன்றை மேலிருந்து இறக்கிப் பொருத்தினோம். பழைய செங்கல் குழாய் பல அடுப்புகளுக்காகக் கட்டிய அகலமானது. ஒற்றை அடுப்பின் புகை அதற்குள் சோர்ந்து குளிர்ந்துவிடும். குழாய் ஒடுக்கமானால் புகை வேகமாக, சூட்டோடு போகும். என் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம் செலவானது. கூரைக்கு மேலே உரிந்திருந்த கற்களை மாற்றி, சாந்து பூசி, சுற்றித் தகடு அடித்தோம். உச்சியில் ஒரு தொப்பி. இதில்தான் கரையோரத்தார் கவனமாக இருக்கவேண்டும். துத்தநாகம் பூசிய சாதாரணத் தகட்டுத் தொப்பி எங்கள் ஊரில் சில வருடத்தில் துருவேறி ஓட்டையாகிவிடும். அமிலத்தைத் தாங்கும் உருக்கு என்று கேட்டு வாங்கவேண்டும், அதுதான் உப்பையும் தாங்கும். விலை கூட, ஆனால் நான் அன்று போட்டது இன்னும் மேலே இருக்கிறது. மழையைத் தடுக்கும், காற்று திரும்பி அடிக்கையில் புகை வீட்டுக்குள் இறங்குவதையும் குறைக்கும், கடற்பறவை கூடு கட்டவும் விடாது.

கடலில் ஒதுங்கிய மரத்தை அன்றோடு விட்டேன். எவ்வளவு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தாலும் அதற்குள் உப்பு இருக்கிறது. எரிக்கும்போது அந்த உப்பு அமிலமாகி அடுப்பையும் குழாயையும் அரிக்கும், வெளியே போகும் புகையும் நஞ்சு. நிறம் தீட்டிய பலகை, மருந்தடித்த பலகை, மீன்பெட்டி எதுவும் வேண்டாம். இப்போது வசந்தத்திலேயே ஆயிரம் லீற்றர் பெரிய சாக்குகளில் விறகு வாங்கி, தெற்குச் சுவரோடு, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்று ஓட விட்டு அடுக்குகிறேன். நம்மவர் பலர் மழைக்குப் பயந்து சுற்றிவரப் பிளாஸ்திக்கால் மூடுகிறார்கள். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் பார்க்கும் சின்னக் கருவி மலிவாகக் கிடைக்கிறது. கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பார்க்கவேண்டும், 20 வீதத்துக்குக் கீழே இருந்தால் சரி. கருவி இல்லாவிட்டால் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது தொம்மென்று கேட்கும்.

மூட்டும் முறையும் மாறிவிட்டது. ஊரில் சுள்ளி கீழே, கட்டை மேலே. இங்கே பெரிய கட்டை அடியில், அதன்மேல் சிறியது, உச்சியில் சுள்ளி, அங்கே நெருப்பு. மேலிருந்து கீழே எரிகையில் அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் வாயு சுடரைக் கடந்துதான் போகவேண்டும், போகிற வழியிலேயே எரிந்துவிடும். முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் வெளியே போய்ப் புகைக்கூட்டைப் பார்த்தேன். வழக்கமாக மூட்டிய பதினைந்து நிமிடம் மஞ்சள் புகை தள்ளும் இடத்தில், சூட்டில் காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தது. 1998க்குப் பிறகு நோர்வேயில் விற்கும் அடுப்புகள் எரியாத வாயுவைத் திரும்ப எரிக்கும் வகை. நாங்களும் அப்படி ஒன்றுக்கு மாறினோம். எந்த அடுப்பானாலும் காற்றை அடைத்தால் பழைய கதைதான். கண்ணாடி கறுத்தால் உள்ளே மேலேயும் கறுக்கிறது என்று அர்த்தம். குறைந்த சூடு வேண்டுமென்றால் குறைந்த விறகைப் போடுங்கள், காற்றைக் குறைக்காதீர்கள். இரவில் அணைந்தால் அணையட்டும், காலையில் திரும்ப மூட்டலாம். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே, சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள், தணல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். புகை எச்சரிக்கைக் கருவியோடு காபனோரொக்சைட்டு எச்சரிக்கைக் கருவியும் ஒன்று வேண்டும், அந்த நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை.

புகைக்கூட்டுக்காரர் வரும் நாளில் நீ செய்யவேண்டியது இதுதான் என்று மருமகளுக்குச் சொன்னேன். முன்பு குறைந்தது நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருவார்கள், 2016இலிருந்து வீட்டுக்கு வீடு தேவையைப் பார்த்து நாள் வைக்கிறார்கள். அதனால் எவ்வளவு எரிக்கிறாய், என்ன எரிக்கிறாய் என்று உண்மையைச் சொல். அன்றைக்கு அடுப்பு குளிர்ந்திருக்கவேண்டும், கதவும் காற்றுவழியும் மூடியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கரி வீட்டுக்குள் வரும். கூரையில் நிலையான ஏணி இருக்கவேண்டும். அது வீட்டுக்காரரின் பொறுப்பு, ஏணி ஆடினால் அவர் ஏறமாட்டார், ஏறவும் கூடாது. அவர் மேலே நின்று இரும்புக் குண்டு கட்டிய வட்டத் தூரிகையைக் கயிற்றில் இறக்கி ஏற்றுவார். சுவருக்குள் அது உரசிக்கொண்டு போகும் சத்தம் நிலவறைவரை கேட்கும். பிறகு கீழே வந்து கதவைத் திறந்து கரியை அள்ளி, கண்ணாடி ஒன்றை உள்ளே சரித்துப் பார்ப்பார். உச்சியின் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தால் வழி சுத்தம். என்னையும் பார்க்கச் சொன்னார்கள். நிலவறையின் இருட்டில் உள்ளங்கையளவு கண்ணாடிக்குள் வானம் ஒரு காசு போலக் கிடந்தது.

அடுப்பே வேண்டாம், மின்சாரச் சூடு போதும் என்று அவள் கணவன் சொல்கிறாராம். கரையோரத்தில் இருந்துகொண்டு அப்படி நினைக்கக்கூடாது. ஒரு வாரத்துக்கு யாருடைய உதவியும் இல்லாமல் சமாளிக்கும்படி வீட்டை ஆயத்தமாக வைத்திருங்கள் என்று 2024இலிருந்து அரசாங்கமே சொல்கிறது. புயல் கம்பியை அறுத்தால் முதலில் சாவது மின்சாரச் சூடு. காய்ந்த விறகும் சுத்தமான புகைக்கூடும் இருக்கிற வீட்டில் அன்றிரவு சோறும் வேகும், அயலவரையும் கூப்பிடலாம். எங்கள் வீட்டில் அப்படிப் பல இரவுகள் போயிருக்கின்றன. எதிர்வீட்டுப் பெரியவர் கடைசிக் காலத்தில் மின்சாரம் போனாலே தன் தலையணையோடு வந்துவிடுவார்.

எங்களுக்கு இந்த முறை வந்தது இளம் பெண் ஒருத்தி. என்னை அடுப்படியில் வைத்துப் பாடம் சொன்ன மனிதர் ஓய்வுபெற்றுப் பல வருடமாகிறது. பனி விழுமுன் ஏணியின் ஆணிகளை நானே ஏறி முறுக்கி வைத்திருந்தேன். அவள் நிலவறைக் கதவைத் திறந்து அள்ளிய கரி ஒரு சின்ன வாளியில் கால்வாசிகூட இல்லை. எல்லாம் மாவு, ஊதினால் பறக்கிற வகை. மனைவி இஞ்சித் தேநீர் கொடுத்தாள், கையுறையோடு நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மருமகளின் நிலவறையில் அந்த இரும்புக் கதவுக்கு முன்னால் வீடு மாறிய பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றனவாம். கதவிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. நாளைக்கு அதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.